கொக்குக்கு எத்தனை அம்பு?

பொட்டி தட்டுற மக்கள் நடுவுல ரொம்ப வருஷமா ஒரு வார்த்தை புழங்குது: காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட். தமிழ், மராத்தி, மலையாளம், தாய், அரபு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டி, மேல ஒட்டி வச்ச சீட்டு அது. தமிழ்ல தட்டும்போது கர்சர் கண்ட இடத்துல நிக்குதுன்னு புகார் குடுத்துப் பாருங்க. "சிக்கலான எழுத்துமுறை, இப்போதைக்கு இல்லை" அப்படின்னு பதில் வரும். நான் முன்னே ஆணி புடுங்கின ஒரு இடத்துலயே எனக்கு ரெண்டு தடவை அப்படித்தான் வந்தது.

சிக்கல் தமிழ்ல இல்லை சாமி, உங்க கணக்குலதான் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நிரல் எழுதத் தெரியாதவங்களும் ஓடிடாதீங்க, கூட்டல் பெருக்கல் தெரிஞ்சாப் போதும் :-)

திரையில எழுத்தைக் காட்டுற நிரலுக்கு முக்கியமா ரெண்டு கேள்விக்கு விடை தெரியணும். நினைவகத்துல பத்தாவதா இருக்கறது திரையில எங்க வரும்? எலியை இங்க சொடுக்கினா அது எத்தனாவது எழுத்து? ஆதி காலத்துல ரெண்டுக்கும் ஒரே பெருக்கல்தான். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், பத்து எழுத்துன்னா பத்து மடங்கு தள்ளி ஒரு கோடு போடு, முடிஞ்சது. துளை அட்டையில 80 பத்தி. 1978ல வந்த விடி100 முனையத்துலயும் வரிக்கு 80 கட்டம். ஆங்கிலத்துக்கு அது போதும். அந்தக் காலத்து ஆளுங்களை நான் குறை சொல்லலை, அவங்க கையில இருந்த இரும்பு அவ்வளவுதான்.

இப்ப 'கொ'வை எடுத்துக்குங்க. நமக்கு ஒரே எழுத்து. கண்ணுக்கு மூணு துண்டு: ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால். யூனிகோடுல ரெண்டு குறி: க, அதுக்கப்புறம் ஒகரக் குறி. அந்த ஒகரக் குறியைக் கொம்பு, கால்னு பிரிச்சு மொத்தம் மூணு குறியாவும் வைக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான்னு தரமே சொல்லுது. யூடிஎஃப்-8ல சேமிச்சா ஆறு பைட், பிரிச்சு வச்சா ஒன்பது. இதுல எதை எண்ணி கர்சரை நிறுத்தறது? நம்ம ஊர்ல திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்ச தாத்தாவைக் கேட்டாலும் 'ஒண்ணு'ன்னு சொல்லிடுவார். பல நிரல்கள் ரெண்டுன்னு எண்ணுது. ரெண்டு குறி இருக்கா, சரி, அகலத்தை ரெண்டால வகுத்து நடுவுல கோடு போடுன்னு போயிடுது. கோடு எங்க விழும்? க-வோட வயித்துல! தேடல்ல வெறும் 'க'ன்னு போட்டா நிலைமை இன்னும் மோசம். மஞ்சள் நிறம் கொம்பு மேல பாதியும் க மேல பாதியுமா அப்பிக்கிட்டு நிக்கும். க-வையும் குறியையும் தனித்தனி நிறத்துல வரையப் போனா குறி கழண்டு, புள்ளி வட்டம் ஒண்ணை மாட்டிக்கிட்டு அனாதையா நிக்கும். அந்தப் புள்ளி வட்டத்தைப் பார்க்காத தமிழன் உண்டா?

கறுப்புத் திரை முனையத்துக்கு வாங்க, கூத்து அங்கதான். ஒரு குறிக்கு எத்தனை கட்டம்னு சொல்ல, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் ஒரு சின்ன நிரலைப் பொதுவுல எழுதி வச்சார். பல மென்பொருள்கள் அதை எடுத்துக்கிச்சு. எழுத்தோட ஒட்டிக்கிட்டுத் தனி இடம் பிடிக்காத குறிக்கு பூஜ்யம், மத்ததுக்கு ஒண்ணு, சீன எழுத்து மாதிரி அகலமானதுக்கு ரெண்டு. நியாயமாத்தான் தெரியுது. ஆனா யூனிகோடு அட்டவணையில தமிழ் ஈகாரக் குறியும் புள்ளியும் தனி இடம் பிடிக்காத வகை. இகரக் குறியும் உகரக் குறியும் இடம் பிடிக்கிற வகை. விளைவு: 'கீ'க்கு ஒரு கட்டம், 'கி'க்கு ரெண்டு. 'மீன்' ரெண்டு எழுத்து, ரெண்டு கட்டம். 'மினி'யும் ரெண்டே எழுத்துதான், அதுக்கு நாலு கட்டம்! 'கு'வுல க எங்க முடியுது, உகரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரம்மாவாலயும் காட்ட முடியாது, அதுக்கும் ரெண்டு. இந்தப் பக்கம் 'ண' பாவம், அத்தனை சுழியையும் சுருட்டிக்கிட்டு ஒரே கட்டத்துல முழங்கால் மடக்கி உக்காரணும். கணக்கு சொல்ற இடம் ஒண்ணு, எழுத்துரு வரையற இடம் வேற. கர்சர் பாவம் யார் பேச்சைக் கேக்கும்?

"அட, கர்சர் ரெண்டு புள்ளி தள்ளி நின்னா குடியா முழுகிடும்?" அப்படிங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இங்க புனேவுல வளர்ற என் பொண்ணு பள்ளிக்கூடத்துல படிக்கிறது ஆங்கிலம், ஹிந்தி, மராத்தி. தமிழ் வீட்டுல மட்டும்தான். தங்கமணி உக்கார வச்சு சொல்லிக் குடுத்து, ஊர்ல இருக்கற பாட்டிக்கு அவளே தமிழ்ல தட்டி அனுப்பற அளவுக்கு வந்தா. ஒரு நாள் நடுவுல ஒரு எழுத்தைத் திருத்தணும்னு அம்புக்குறியை அழுத்தறா, கர்சர் நகரலை. இன்னொரு தடவை அழுத்தறா, நகருது. அடுத்த எழுத்துல ஒரே அழுத்தல்ல நகருது. தட்டினது எங்கயோ போய் ஒட்டிக்கிச்சு. அவ என்கிட்ட சொன்னது, "அப்பா, தமிழ் ஒடைஞ்சிருக்கு." மென்பொருள் ஒடைஞ்சிருக்குன்னு சொல்லலை, கவனிங்க. ஒம்பது வயசுப் புள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? மறுநாள்லேர்ந்து பாட்டிக்கு ஆங்கில எழுத்துலயே 'எப்படி இருக்கீங்க'. பாட்டிக்கு அதைப் படிச்சுக் காட்ட பக்கத்து வீட்டுப் பையன் வரணும். வெளியூர்ல இருக்கற எத்தனை வீட்டுல இது நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

தீராத வியாதியா இதுன்னா, இல்லவே இல்லை. விண்டோஸ் 2000லயே லதா எழுத்துருவோட தமிழை ஒழுங்கா வரையற வசதி வந்தாச்சு. அந்த யூனிஸ்கிரைப்கிட்ட எந்தக் குறி திரையில எங்க இருக்குன்னும், திரையில இந்த இடம் எந்தக் குறின்னும் ரெண்டு பக்கமும் கேக்கலாம். லினக்ஸ் பக்கம் பாங்கோ, கர்சர் நிக்கக்கூடிய இடம் எதுன்னு தனியாவே குறிச்சுக் குடுக்குது. ஈமேக்ஸ் 2020லேர்ந்து ஹார்ஃப்பஸ்ஸை வச்சு வரையுது. விஷுவல் ஸ்டூடியோ கோடு, வரி முழுக்க சாதா ஆங்கில எழுத்தா இருந்தா வேகத்துக்காகக் குறுக்கு வழி, இல்லைன்னா உலாவிகிட்டயே அளந்து கேட்டுக்குது. அதுதான் நாணயமான முறை. வரையறவன்கிட்ட கேளு, நீயா பெருக்காதே. எழுத்தைப் பிரிக்கிற விதி 2008லேர்ந்தே யூனிகோடுல ஒழுங்கா இருக்கு. உலாவிக்குள்ளயே அதைச் செய்யற வசதி 2020ல குரோம்ல வந்து, 2024ல ஃபயர்பாக்ஸ்லயும் வந்துடுச்சு.

எனக்கு வயிறு எரியறது வேற விஷயத்துக்கு. அப்பா, அம்மா, புள்ளைன்னு ஒரு குடும்பப் பொம்மை இருக்கே, அந்த இமோஜி உள்ளுக்குள்ள அஞ்சு குறி. அதைப் பாதியில வெட்டி, அப்பா தனியா அம்மா தனியா தெரிஞ்சப்ப எத்தனை பதைபதைப்பு! அவசர அவசரமா ஒட்டுப்போட்டாங்க. 247 எழுத்துக்கு வராத கரிசனம் மஞ்ச மூஞ்சிக்கு வந்தது. நல்லா இருக்கட்டும், அந்தப் புண்ணியத்துல நமக்கும் கொஞ்சம் சொட்டுச்சு :-)

நம்மாளுங்க சிலர் உடனே "யூனிகோடே சதி, எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் குடுத்திருந்தா இந்த வம்பே இல்லை"ன்னு கிளம்புவாங்க. 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேர்த்து டேஸ்-16ஐயும் தரமா அறிவிச்சது, அதுல அப்படித் தனி இடம் உண்டு. கர்சர் எண்ணிக்கை சுலபமாகும்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா உலகத்துல எந்தப் பெட்டியில தட்டினாலும் போய்ச் சேர்றது யூனிகோடுதான். தவிர, 'கொ' அகலம் வேற, 'ர' அகலம் வேற. தனி இடம் குடுத்தாலும் பெருக்கல் கணக்கு தப்பாத்தான் போகும். இந்த வாதம் நிரல் எழுதறவனுக்குத் தப்பிக்க ஒரு சந்து, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்துல நான் மறுபக்கம். பின்னழி விசை குறியை மட்டும் அழிச்சா அதைத் தப்புன்னு சொல்லாதீங்க. தமிழ்99ல க தட்டி ஒ தட்டினாத்தான் 'கொ'. கடைசியாத் தட்டினதை மட்டும் திரும்ப எடுக்கறது தட்டறவனுக்கு வசதி, 'கா'ன்னு மாத்த மறுபடி க-லேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம். ஆனா அம்புக்குறி, எலிச் சொடுக்கு, தேர்வு மூணும் முழு எழுத்து முழு எழுத்தாத்தான் போகணும்.

உங்க வீட்டுல புள்ளைங்க தட்டற பெட்டி எல்லாத்துலயும் 'கொக்கு'ன்னு அடிங்க. எழுத்து மூணு, குறி ஆறு. வரி ஆரம்பத்துக்குப் போய் வலது அம்பை அழுத்தி எண்ணுங்க. மூணுல கடைசிக்கு வந்தா சரி. ஆறு ஆச்சுன்னா, செஞ்சவங்களுக்கு அந்த ரெண்டு எண்ணையும் எழுதி ஒரு கடுதாசி போடுங்க. "சிக்கலான எழுத்துமுறை"ன்னு பதில் வந்தா, அதுக்கு மேல இன்னொண்ணு போடுங்க.