கரண்டி வேற, பூட்டு வேற!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். போன ஞாயித்துக்கிழமை நடந்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியலை. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க மக்களே.

தில்லை நகர்ல இருந்து மாசம் ஒரு தடவை நாங்க ஏழெட்டுப் பேர் வண்டியை எடுத்துக்கிட்டு கிளம்புறது வழக்கம். சங்கம், பேரு, பனியன்ல சின்னம் எதுவும் கிடையாது. விடிகாலை அஞ்சு மணிக்கு டீக்கடை, அஞ்சரைக்கு கிளம்பிடணும், அவ்வளவுதான் சட்டதிட்டம். பச்சைமலை, ராமேஸ்வரம், எப்பவாவது சென்னை. இதுல மூத்தவர் ஒருத்தர் இருக்கார், அறுபதைத் தொடப் போறார். எங்க எல்லாருக்கும் அவர் 'அண்ணே'. மழையில எப்படி பிரேக் பிடிக்கணும், லாரியை எந்தப் பக்கம் எப்போ தாண்டணும்னு எங்கள்ல பாதிப் பேர் அவரைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டோம்.

அன்னிக்கு அவர் வண்டியோட ஆக்சிலேட்டர் க்ரிப்புல ஒரு சின்ன கருப்பு பிளாஸ்டிக் தகடு. பார்த்ததுதான் தாமதம், நம்ம பசங்க ஆரம்பிச்சுட்டானுங்க.

"என்னண்ணே, சாம்பார் கரண்டியைக் கொண்டாந்து மாட்டிட்டீங்க?"

"கை வலிச்சா காரை எடுத்துட்டு வாங்கண்ணே, நாங்க என்ன வேணாம்னா சொல்லப்போறோம்?"

"இதெல்லாம் மாட்டிக்கிட்டுப் போனா அது ரைடே இல்லண்ணே."

அண்ணன் சிரிச்சார். டீயைக் குடிச்சு முடிச்சார். "வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு தம்பி, நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை சாஸ்திரி ரோடு பக்கமாத் திருப்பிட்டார். ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரை மணிக்கு என்ன வேலை?

இதுல கேவலம் என்னன்னா, நானும் சேர்ந்து சிரிச்சேன். அதை விடக் கேவலம், அதே கரண்டி என் வண்டிலயும் இருக்கு. டீக்கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஓரமா நிறுத்தி, கழட்டி, டேங்க் பேக்ல போட்டுக்குவேன். எட்டு மாசமா இந்தத் திருட்டுத்தனம்தான் நடக்குது.

தெரியாதவங்களுக்காக: இது ஒண்ணும் பெரிய இயந்திரம் இல்லை. ஆக்சிலேட்டர் க்ரிப்பை சுத்திக் கவ்விக்கிற ஒரு வளையம், அதுல இருந்து உள்ளங்கைப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற ஒரு தகடு. க்ரிப்பை இறுக்கிப் பிடிச்சு முறுக்கி வச்சிருக்கறதுக்குப் பதிலா, உள்ளங்கையோட அடிப்பாகத்தை இந்தத் தகடு மேல சும்மா வச்சா போதும். கையோட எடையே ஆக்சிலேட்டரைத் திறந்து வச்சிருக்கும். விரல் எல்லாம் ஃப்ரீ. கையை எடுத்தா ஸ்பிரிங் இழுத்து ஆக்சிலேட்டர் மூடிக்கும். வேகம் தானா குறையும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கங்க, சண்டையே அதுலதான்.

இது எதுக்குன்னு கேக்கறவங்க, திருச்சியில இருந்து சென்னை வரைக்கும் ஒத்தை சிலிண்டர் வண்டியில போய்ப் பாருங்க. சுமார் 330 கிலோமீட்டர். நடுவுல டீ, டிபன் எல்லாம் கழிச்சாலும் நாலு மணி நேரத்துக்கு மேல வலது மணிக்கட்டு ஒரே கோணத்துல வளைஞ்சு, இறுக்கிப் பிடிச்சு, அதிர்ந்துக்கிட்டே இருக்கும். இடது கைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது ராஜா வீட்டுப் பிள்ளை. ஹைவேல ஏறிட்டா கிளட்சுக்கும் அவ்வளவா வேலை இல்லை, தொடை மேல வச்சுக்கலாம், வெயிலுக்கு முகத்தை மறைச்சுக்கலாம். வலது கைக்கு மட்டும் லீவே கிடையாது.

எனக்கு ஆரம்பிச்சது போன வருஷம். முதல்ல கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மதமதன்னு ஆச்சு. அப்புறம் நடு விரல். வண்டியை நிறுத்திட்டு கையை உதறினா சரியாயிடும். அப்புறம் ராத்திரி தூக்கத்துல எழுப்ப ஆரம்பிச்சுது. தில்லை நகர்ல டாக்டருக்கா பஞ்சம், கிராசுக்கு கிராஸ் போர்டு தொங்குது. போய்க் காட்டினேன். மணிக்கட்டுக்குள்ள ஒரு குறுகலான பாதை இருக்காம், அது வழியா ஒரு நரம்பு உள்ளங்கைக்கு வருதாம். மணிக்கட்டை வளைச்சே வச்சிருந்தாலும், இறுக்கிப் பிடிச்சாலும், அதிர்வு ஓயாம இருந்தாலும் அந்த நரம்பு அமுங்கும். கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல்ல பாதி, இதெல்லாம் அந்த நரம்போட கணக்கு. சுண்டு விரலும் மோதிர விரலோட மறுபாதியும் மரத்துச்சுன்னா அது வேற நரம்பு. "வண்டியை விடச் சொல்லலை. ஆனா இறுக்கிப் பிடிக்கறதை விடுங்க"ன்னார்.

நான் அப்பவும் கேக்கலை. அந்த மாசியிலதான் புத்தி வந்தது. சென்னையில இருந்து திரும்பி வர்றேன். பாடாலூர் தாண்டியாச்சு, இருட்டற நேரம். பூச்சொரிதல் சமயம், சமயபுரத்துக்கு மஞ்சத் துணி கட்டிக்கிட்டு ரோட்டோரமா வரிசையா நடந்து போய்க்கிட்டு இருக்காங்க. ஒரு சின்னப் பொண்ணு வரிசையை விட்டு ரெண்டடி உள்ள வந்துடுச்சு. பிரேக் பிடிக்கணும்னு மூளை சொல்லுது. விரல் லீவரைத் தேடுது. தேடுதுங்க! மரத்துப்போன விரலுக்கு லீவர் எங்க இருக்குன்னே தெரியலை. கால் பிரேக்கை மிதிச்சு, வண்டி கோணலா இழுத்துக்கிட்டுப் போய், எப்படியோ நின்னுச்சு. 80-ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகும். நான் லீவரைத் தேடுன நேரத்தை அதோட பெருக்கிப் பார்த்துக்கங்க. அந்தப் பொண்ணோட அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, பிள்ளையை இழுத்து இடுப்போட அணைச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

இப்ப சொல்லுங்க, 'கை வலியைத் தாங்கறவன்தான் ரைடர்'னு பேசற வீராதி வீரர்களே. வலி உங்களோட சொந்த விஷயமா இருந்தா தாராளமா அனுபவிங்க, நான் குறுக்கே வரலை. மரத்துப்போன கை எப்படி உங்க சொந்த விஷயமாகும்? அந்தக் கைதானே முன் பிரேக்கையும் பிடிக்கணும்? நிறுத்தற சக்தியில பெரும்பங்கு முன் பிரேக்குலதான் இருக்குன்னு நீங்கதானே புதுசா வர்ற பசங்களுக்கு வகுப்பு எடுக்கறீங்க?

'இதெல்லாம் வண்டியே இல்லை'ன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. ஓசூர்ல தயாராகிற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310, 2023-ல வரும்போதே க்ரூஸ் கண்ட்ரோலோட வந்தது. சரி, அது பெரிய வண்டின்னு விட்டுடலாம். 2025 ஆகஸ்ட்ல ஹீரோ கிளாமர் எக்ஸ் வந்தது, வெறும் 125 சிசி. ஆபீசுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் போற வண்டி. அதுலயும் க்ரூஸ் கண்ட்ரோல்! கம்பெனி பட்டனாக் கொடுத்தா தொழில்நுட்பம், அண்ணன் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினா கரண்டியா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

இதுவரைக்கும் கைதட்டிக்கிட்டு இருந்த எதிர்க் கோஷ்டி கொஞ்சம் நில்லுங்க. அடுத்த அடி உங்களுக்குத்தான். கரண்டிக்காரங்கன்னு சொல்லிக்கிட்டு, பூட்டை மாட்டிக்கிட்டுத் திரியறவங்களைச் சொல்றேன்.

கடையில 'திராட்டில் அசிஸ்ட்'னு கேட்டா ரெண்டையும் ஒரே டப்பாவுல இருந்து எடுத்துக் கொடுக்கறாங்க. ஒண்ணு நான் சொன்ன கரண்டி. இன்னொண்ணு, க்ரிப்பைத் திரும்ப விடாம உராய்வாலயே பிடிச்சு நிறுத்தற சாதனம். திருகு வச்சது, பட்டன் வச்சது, பிரேக் லீவர் மேல முட்டுக் கொடுத்து நிக்கறதுன்னு பல ரகம். இதுல கையை எடுத்தாலும் ஆக்சிலேட்டர் திறந்தது திறந்தபடி நிக்கும். ரெண்டும் ஒண்ணா? தலைகாணியும் கைவிலங்கும் ஒண்ணா?

பூட்டுக்காரங்க சொல்ற பதில் எனக்கு மனப்பாடம். "ஆபத்துன்னா கையால திருப்பி மூடிடலாமே பாஸ், அவ்வளவு இறுக்கமா இருக்காது." சரி. நீங்க அவசரமா பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலேட்டரை யோசிச்சா மூடறீங்க? கிடையாது. விரலை லீவருக்கு நீட்டறீங்க, பிடி தளருது, மிச்சத்தை ஸ்பிரிங் பார்த்துக்குது. வருஷக்கணக்கா உடம்புல ஊறிப்போன பழக்கம் அது. பூட்டு போட்ட வண்டியில அதே விரல் நீளும், அதே பிடி தளரும், ஆனா ஆக்சிலேட்டர் அப்படியே நிக்கும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், எஞ்சின் ஒரு பக்கம் தள்ளும். கிளட்ச் பிடிச்சீங்கன்னா எஞ்சின் வீல்னு அலறும். அந்த நேரத்துல 'ஓ, பூட்டு போட்டிருக்கோமே'ன்னு ஞாபகம் வரணும். வருமா?

இதுல புதுசா கண்டுபிடிச்ச ஞானம் ஒண்ணும் இல்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள்ல ஆக்சிலேட்டர் க்ரிப்புக்கு அடியில ஒரு குட்டித் திருகு இருக்கும், அதை இறுக்கினா க்ரிப் வச்ச இடத்துலயே நிக்கும். எங்கப்பாவோட பழைய ஸ்கூட்டர்லயும் கையை எடுத்தா ஆக்சிலேட்டர் திரும்பாது. (அதை வச்சுக்கிட்டு அவர் பாலக்கரை கூட்டத்துல எப்படி ஓட்டினாரோ, மாரியம்மனுக்கே வெளிச்சம்.) அமெரிக்காவுல 1970-கள்லயே, கையை எடுத்தா ஆக்சிலேட்டர் தானா மூடிக்கணும்னு விதியே போட்டாங்க. காரணம் இல்லாமலா?

க்ரூஸ் கண்ட்ரோல்லயும் கையை எடுத்தா வண்டி ஓடுதேன்னு மடக்காதீங்க. ஓடும். ஆனா பிரேக்கைத் தொட்ட அந்த நிமிஷமே ஆஃப் ஆயிடும். கிளட்சைத் தொட்டாலும் ஆஃப். பயந்த கை தன்னால என்ன செய்யுமோ, அதுலயே எஞ்சின் அடங்கணும்னு யோசிச்சு செஞ்சிருக்கான். பூட்டுக்கு அந்த யோசனை கிடையாது. அது பாட்டுக்குக் கிடக்கும்.

"வெளிநாட்டுல எல்லாம் மாட்டறாங்களே"ங்கறது அடுத்த வாதம். ஆஸ்திரேலியாவுல நூறு கிலோமீட்டருக்கு ஒரு வளைவு, ஒரு கங்காரு. நமக்கு? திருச்சி-சென்னை ரோட்ல சமயபுரம் டோல் தாண்டினதுல இருந்து எண்ணுங்க. மீடியன் கேப்ல இருந்து எட்டிப் பார்க்கற டிவிஎஸ் 50, நம்மளுக்கு எதிரா லைட் போட்டுக்கிட்டு வர்ற பைக், புல்லுக்கட்டு, ஆடு, பெரம்பலூர் பக்கம் வந்தா ஓரத்துல காயப் போட்ட மக்காச்சோளம், விழுப்புரத்தை நெருங்கினா பின்னாடி லைட்டே இல்லாத கரும்பு டிராக்டர். ஒரு நாள் வேணும்னே கவனிச்சேன். உளுந்தூர்பேட்டை வரைக்கும் நாலு நிமிஷம் சேர்ந்தாப்ல என் மணிக்கட்டு ஒரே இடத்துல நிக்கலை. நாலு நிமிஷத்துக்கு எதுக்கய்யா பூட்டு?

கரண்டியும் சாமி கிடையாது, அதையும் சொல்லிடறேன். மாட்டின முதல் வாரம், கழட்டாம டவுனுக்குள்ள போனேன். சாலை ரோட்ல முன்னாடி போன ஷேர் ஆட்டோ ஆள் ஏத்த பட்டுனு நிறுத்தினான். பிரேக்குக்கு விரலை நீட்டினேன், உள்ளங்கை கரண்டியை அழுத்திடுச்சு. வண்டி நிக்கறதுக்குப் பதிலா முன்னாடி பாய்ஞ்சுது. ஆட்டோ பம்பர்ல இடிச்சு, எழுத முடியாத வார்த்தை நாலு வாங்கிக்கிட்டேன். தப்பு என்னோடது. அன்னைல இருந்து டவுன், மலை, மண் ரோடு, மழை, எங்கயும் கரண்டி கிடையாது. அதை க்ரிப்போட வெளி ஓரத்துல மாட்டணும். நீங்க ஓட்டற வேகத்துக்கு ஆக்சிலேட்டரைத் திறந்து வச்ச நிலையில தகடு கைக்கு வாகா படுக்கற மாதிரி கோணம் பார்த்து இறுக்கணும். ரெண்டு விரல் எப்பவும் பிரேக் லீவர் மேல. முதல்ல காலி மைதானத்துல ஒரு மணி நேரம், கரண்டியோட அவசர பிரேக் அடிச்சுப் பழகணும். பழகறதுக்கு சோம்பேறித்தனமா இருந்தா வாங்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர் கேபிளை ஒரு தடவை பாருங்க. பாதிப் பேருக்கு அது காய்ஞ்சு போய் இறுகிக் கிடக்கும், எண்ணெய் விட்டாலே கை வலி பாதி குறையும். லீவர் கோணத்தையும் முழங்கை நேரா வர்ற மாதிரி இறக்கி வைங்க. எண்பது, தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி கையை உதறுங்க. தொழுதூர்லயும் டீ கிடைக்கும், தப்பில்லை :-)

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. விரல் மரத்துப்போறது தொடர்ந்தா கரண்டி வாங்கக் கடைக்கு ஓடாம, டாக்டர்கிட்ட போங்க.

அடுத்த ஞாயிறு கொல்லிமலை. காரவள்ளியில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு, அதனால அடிவாரத்துல கரண்டியைக் கழட்டிடுவேன். டீக்கடைக்கு முன்னாடி இல்லை. அண்ணனுக்கு ரெண்டு தடவை போன் போட்டேன், எடுக்கலை. சாயங்காலம் வீட்டுக்கே போய்ப் பார்க்கணும்.