ஒரே உலைச் சோறு, வேறு வேறு கொழுப்பு

திருத்துறைப்பூண்டியில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குப் பிறவி மருந்தீசுவரர் என்று திருநாமம். அவர் சந்நிதியை வலம் வரும் மூத்த அன்பர்களுள் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்போரும் உண்டு. வாழ்நாள் முழுதும் புலால் தொடாதவர்களுக்கும் இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு மிகுந்து வருகிறது. முட்டைகூடத் தீண்டாத வீட்டில் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பது நியாயமே.

விடை கல்லீரலில் இருக்கிறது. உடலிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. உணவின் வழி வருவது சிறு பங்கே. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் தடையின்றிக் கல்லீரலை அடைகின்றன. காலை இட்லி, மதியம் சோறு, இரவும் சோறு என்றிருந்தால் மிஞ்சிய மாவுச்சத்தையும் கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக மாற்றுகிறது. அது உயர, ஹெச்.டி.எல். எனப்படும் நல்ல கொழுப்பு தாழ்கிறது. ஆதலால் அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் என்னும் ஒரு வரியை மட்டும் பார்த்து நிம்மதி கொள்வது, பாஸ் புத்தகத்தில் கடைசி இருப்பை மட்டும் பார்த்து வரவு செலவைப் பாராதது போன்றது.

சென்னையில் மருத்துவர் வி. மோகன் நிறுவிய நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் 2001-இல் தொடங்கிய ஆய்வில் 26,000 பேருக்கு மேல் பங்குபெற்றனர். தீட்டிய அரிசி போன்ற தானியங்களை மிகுதியாக உண்டோர்க்கு டிரைகிளிசரைடு கூடுதலாகவும் நல்ல கொழுப்புக் குறைவாகவும் இருந்தமை அதில் தெரியவந்தது. நெய்யையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பழகிய நமக்கு இது சற்று வியப்புதான். நெய்க்கு இதனால் விடுதலை கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது, அது எல்.டி.எல். என்னும் தீய கொழுப்பை உயர்த்தவல்லது.

எனினும் ஒரே உலையில் வெந்த சோற்றை உண்ணும் அண்ணனுக்கும் தம்பிக்கும் அளவு வேறுபடுவதேன்? இங்கேதான் மரபணு வருகிறது. இரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடைச் சிதைக்கும் நொதிக்குரிய மரபணு எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. அதே சென்னை ஆய்வில் பங்குபெற்றோரைக் கொண்டு 2017-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இம்மரபணுவின் ஒருவகை மாற்றத்துக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள தொடர்பு, உணவிலுள்ள கொழுப்பின் அளவைப் பொறுத்து வேறுபடுகிறது என்பது அதன் முடிவு. பரம்பரைச் சொத்து ஒன்றாயினும் அதன் பலன் தட்டில் விழுவதைப் பொறுத்தும் மாறுகிறது. 'தலையெழுத்து' என்று கைவிடுவதற்கு இதில் இடமில்லை.

திருத்துறைப்பூண்டிக்கு இவ்விஷயத்தில் மற்றொரு பெருமையும் உண்டு. இவ்வட்டாரத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டு, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திவந்தார். 2018 டிசம்பரில் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் தவிடு நீக்காமல் உண்டால் நார்ச்சத்து கிடைக்கும். (அத்தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு வெள்ளைச் சோற்றை நாம் உண்கிறோம், மாடு பிழைத்தது!) ஆனால் அதுவும் அரிசியே. கைப்பிடி கூடினால் சர்க்கரையும் கூடும். சோற்றைக் குறைத்துக் கீரை, அவரை, சுண்டல், மோர் ஆகியவற்றுக்கு இலையில் இடம் விடுவதே முறை.

உணவால் மட்டும் அடங்காத பரம்பரைக் கொழுப்பும் உண்டு. எல்.டி.எல். துகளைக் கல்லீரல் உள்வாங்கும் வாயில் பழுதுபட்டுப் பிறப்போர் அவர்கள். அவ்வாயிலைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகியோருக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பமாயின், பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மருத்துவர் தந்த கொழுப்பு மாத்திரையை, சிவராத்திரி விரதம் என்றும் ஏகாதசி என்றும் தாமாகவே நிறுத்துவோர் உள்ளனர். சர்க்கரை மாத்திரையின் அளவை விரத நாளுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்; கொழுப்பு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதால் உபவாசம் கலையாது.