தீட்டு நின்றால் வாயும் நிற்க வேண்டுமா?

நமது நாட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால் அந்தச் சேதி அவளைத் தவிர ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் சந்தோஷமாய் விடுகின்றது. தாய்மாமன் சீர் கொண்டு வருகின்றான். பந்தல் போடுகின்றார்கள். ஒலிபெருக்கி வைத்து நாலு தெருவுக்குக் கேட்கும்படி பாட்டுப் போடுகின்றார்கள். இப்போது அதுவும் போதாமல், அந்தக் குழந்தையின் படத்தை ஆள் உயரத்திற்கு மேல் அச்சடித்து முச்சந்தியில் நிறுத்தி, இன்னார் மகளுக்குப் பூப்பு நீராட்டு விழா என்று பஸ்ஸில் போகின்றவன் வருகின்றவனுக்கெல்லாம் தெரிவிக்கின்றார்கள். அதே பெண்ணுக்கு முப்பது முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்த உதிரப்போக்கு நின்று போகும்போது பந்தலும் இல்லை, மாமனும் இல்லை, “உனக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்க ஒரு நாதியும் இல்லை. அவளாகச் சொல்ல வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாதாம். ஏனென்றால் வெட்கமாம்!

நாம் கேட்கின்றோம்: வந்ததை ஊருக்குத் தம்பட்டம் அடித்தபோது இந்த வெட்கம் எங்கே போயிருந்தது? பன்னிரண்டு வயதுக் குழந்தையை மணையில் உட்கார வைத்து ஆண்களும் பெண்களுமாய்ப் பார்த்துப் பந்தி சாப்பிட்டுப் போனவர்களுக்கு, நாற்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை தன் உடம்பைப் பற்றித் தானே நாலு வார்த்தை பேசினால் மட்டும் காது கூசுவானேன்? உண்மை என்னவென்றால் வெட்கத்திற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. வந்தது என்றால் பெண் கலியாணச் சந்தைக்குத் தயார் என்று அர்த்தம். ஆகவே அது விளம்பரம். நின்றது என்றால் சரக்குத் தீர்ந்தது என்று அர்த்தம். தீர்ந்த சரக்குக்கு எந்த வியாபாரியும் விளம்பரம் செய்ய மாட்டான்.

நிற்க, இதை இப்போது எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லி விடுகின்றோம். நீலகிரி ஜில்லா பந்தலூர் தாலூக்காவைச் சேர்ந்த சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தீட்டு நிற்கும் காலத்தில் பெண்கள் படுகின்ற பாட்டை நாடகமாய் நடித்துக் காட்ட வேண்டும், அதையும் அந்தப் பெண்களே நடிக்க வேண்டும் என்று நாம் பேசியபோது சில தோழர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களில் இரண்டொருவர் நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகின்றவர்கள். அதனால்தான் விரிவாய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கின்றது.

சேரம்பாடி எத்தகைய இடம்? கேரள எல்லையை ஒட்டிய மழைச் சீமை. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நமது சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று, அந்த ஜனங்களில் ஒருவரையும் கேளாமலே தீர்மானித்தார்கள். அப்படிக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968-ல் சர்க்கார் இந்த ஜில்லாவில் தேயிலை நட ஆரம்பித்தது. அதுதான் பிறகு டான்டீ என்ற சர்க்கார் கம்பெனியாயிற்று. கண்டியிலும் பதுளையிலும் கொழுந்து கிள்ளிய கைகள் இங்கே வந்தும் கொழுந்தே கிள்ளின. கிள்ளுகின்ற கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, இடுப்பில் மழைக்குப் படங்கைக் கட்டி, சரிவில் ஏறி நிற்க வேண்டும். கால் விரலிடுக்கில் அட்டை. மாலையில் தராசுக்காரன் சொல்லும் எடையே எடை. இந்த உடம்புக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீர் திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை நெருப்பு ஏறுகின்றது. கொட்டுகின்ற மழையில் உள்ளே வேர்த்துக் கொட்டுகின்றது. ஒரு மாதம் ஒன்றுமில்லை; அடுத்த மாதம் துணி நனைந்து கால் வழியே இறங்குகின்றது. ஒதுங்குவதற்குத் தேயிலைச் செடியைத் தவிர வேறு மறைவு எங்கே இருக்கின்றது? ராத்திரி தூக்கமில்லை. தூக்கமில்லாததால் காலையில் எரிச்சல். எரிச்சலால் வீட்டில் சண்டை. சண்டை வந்தால் “கிழட்டுக் கழுதைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது” என்று பட்டம். முட்டி வலிக்கின்றது. எடை குறைகின்றது. எடை குறைந்தால் பேச்சு கேட்க வேண்டியிருக்கின்றது.

1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண்களுக்குப் பிரசவ காலச் சம்பளத்தைப் பற்றிப் பேசிற்று. கைக்குழந்தைகளுக்குக் காப்பகத்தைப் பற்றியும் பேசிற்று. நல்லதுதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை பெறுகின்றவரை கண்ணுக்குத் தெரிந்த கர்ப்பப்பை அதற்கப்புறம் சட்டத்திற்கும் தெரியவில்லை, துரைக்கும் தெரியவில்லை, புருஷனுக்கும் தெரியவில்லை என்பதைத்தான் காட்டுகின்றோம்.

இந்த உபாதைக்குக் காரணம் பேயுமல்ல, கிரகமுமல்ல. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பையில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட முட்டைக் கருக்கள் இருக்கின்றன. புதிதாய் உண்டாவதில்லை, நாளாக ஆகக் கரைந்துகொண்டே போகின்றன. ஏறக்குறைய தீர்ந்துவிடுகின்றபோது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு இறங்கிவிடுகின்றது. அது இறங்கினால், உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் மூளையின் பகுதி சிறு மாற்றத்திற்கெல்லாம் பெரிய சூடு வந்துவிட்டதாய் எண்ணி வேர்வையைத் திறந்துவிடுகின்றது. எலும்பும் மெலிகின்றது. நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரி 46, 47 வயதில் நேர்கின்றது. மேல்நாட்டாருக்கு 51 வாக்கில். பன்னிரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வராதிருந்தால் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கணக்கு வைக்கின்றார்கள். நின்றபின் ஒரு சொட்டு மறுபடி பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். புற்று நோயாயிருக்கக் கூடும். இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் செத்துப்போகின்றவர்கள் இருக்கின்றார்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குச் சோதனை செய்துகொண்ட முப்பது முதல் 49 வயதுப் பெண்கள் நமது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தியா முழுவதுக்கும் எடுத்தால் இரண்டு பேர்கூட இல்லை.

இந்த அறியாமையில் குளிர் காய்கின்றவர்கள் மூன்று வகையார். முதலாவது மந்திரவாதி. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகின்ற பெண்ணைக் கண்டால் அவனுக்குக் காற்றுக் கருப்பு தெரிகின்றது. ஒரு கோழியும் கயிறும் கைக்காசும் போகின்றன. இரண்டாவது வைதீகம். சேரம்பாடிக்கு அடுத்த சீமையாகிய கேரளத்தில், 10 முதல் 50 வயதுவரை உள்ள பெண்கள் சபரிமலை ஏறக் கூடாதென்று 1991-ல் ஐக்கோர்ட்டே சொல்லிற்று. 2018 செப்டம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து ஜட்ஜுகளில் நால்வர் அந்தத் தடை செல்லாதென்றார்கள். அதற்கு எழுந்த கூச்சலை ஊரே பார்த்தது. ஆக, தீட்டு நின்றுபோவதைப் பகிரங்கமாய்க் கணக்கெடுத்த ஒரே இடம் கோயில் பாதைதான்! அங்கே வயதுச் சான்றைக் காட்டினால் நின்றது நல்லதாகிவிடுகின்றது. வீட்டில் சொன்னால் மட்டும் அசிங்கமாம். ஐம்பதில் சுத்தமானவள் என்றால் நாற்பத்தொன்பது வரை பிள்ளை பெற்றுப் பால் கொடுத்து ஊரை வளர்த்தவள் யார் என்று கேட்கின்றோம்.

மூன்றாவது வகையார் கத்தி வைத்திருப்பவர்கள். டாக்டர்கள் எல்லோரையும் சொல்லவில்லை. அறுத்தே தீர வேண்டிய வியாதிகளும் உண்டு. ஆனால் மஹாராஷ்டிரத்துப் பீட் ஜில்லாவில் நடந்தது என்ன? கரும்பு வெட்டப் போகின்ற பெண்களில் ஏராளமானவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை என்று 2019-ல் வெளியாகி, சர்க்கார் கமிட்டி போட்டு விசாரித்ததில், சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கு மேற்பட்டவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. மாதா மாதம் வேலை கெட்டுக் கூலி பிடிக்கப்படுவதற்குப் பயந்தே போனவர்கள் அவர்களில் பலர். “வயசுதான் ஆச்சே, பை எதற்கு?” என்ற ஒரு கேள்வியில் காரியம் முடிந்துவிடுகின்றது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், நாலைந்து வருஷத்தில் மெதுவாய் வர வேண்டிய நெருப்பு ஒரே நாளில் வந்து சேரும் என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

சரி, இதற்கு நாடகம் எதற்கு, நர்ஸம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்பது ஒரு தோழரின் ஆட்சேபணை. தாராளமாய்ச் சொல்லட்டும். ஆனால் நர்ஸ் சொல்வது உடம்பைப் பற்றியது. ஒரே வரிசையில் இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொழுந்து கிள்ளுகின்ற இரண்டு பெண்கள், ராத்திரி இருவருமே கம்பளியை உதறித் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வாசற்படியில் உட்காருகின்றார்கள். லைன் வீட்டில் இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். அப்படியும் ஒருத்திக்கு மற்றவள் சங்கதி தெரியாது. தனக்கு மட்டும் ஏதோ வந்துவிட்டது, தான் மட்டும் கெட்டுப்போனவள் என்று இருவரும் தனித்தனியே பயந்து கிடக்கின்றார்கள். இந்தப் பயம் பிரசங்கத்தால் போகாது. தன்னைப் போல் ஒருத்தி நாலு பேர் எதிரில் அந்தக் கம்பளியை உதறிக் காட்டினால்தான், “அட, எனக்கும் இப்படித்தான் அக்கா” என்று சிரிப்பு வரும். சிரிப்பு வந்த பிறகு பேச்சு வரும்.

நாடகத்தின் பலம் நமது இயக்கத்தாருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்குப் பயந்தல்லவா 1954-ல் நாடகச் சட்டமே கொண்டு வந்தார்கள்? அந்தச் சட்டத்தை 2013-ல் சென்னை ஐக்கோர்ட்டு செல்லாதென்று தீர்த்தது. பெண் சிசுக் கொலையை எதிர்த்து மங்கை முதலானோர் 1990-களில் “பச்ச மண்ணு” என்ற நாடகத்தைக் கிராமங்களுக்கே கொண்டுபோய் நடித்தார்கள். சிசுக் கொலையைக் கிராமத்து நடுவில் பேச முடிந்தபோது இதைப் பேச முடியாதா? ஆனால் நமது மேடைகளில் நாற்பத்தைந்து தாண்டிய பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்கின்ற வேஷம் என்ன? கொடுமைக்கார மாமியார், இல்லையேல் வெற்றிலை இடிக்கின்ற சிரிப்புக் கிழவி. இலங்கைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுகின்றபோது ரதிக்குக்கூட ஆண்பிள்ளைதான் வேஷம் கட்டி வந்தான். பெண்ணின் துக்கத்தை ஆண் அழுது காட்ட, பெண் கீழே உட்கார்ந்து பார்ப்பது நெடுநாளைய வழக்கம்.

மேல்நாட்டில் இந்த விஷயத்திற்கு நாடகம் வந்துவிட்டது. 2001-ல் அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் ஜீனி லிண்டர்ஸ் என்ற அம்மாள் எழுதிய “மெனோபாஸ் தி மியூசிகல்” என்ற பாட்டு நாடகம் ஆரம்பித்து, பிறகு பல தேசங்களில் நடந்தது. பெரிய கடையில் உள்ளாடை வாங்க வந்த நான்கு பெண்கள் சந்தித்துத் தங்கள் வேர்வையையும் மறதியையும் பாடிச் சிரிப்பது கதை. அது நமக்குப் பொருந்தாது. கடைக்குப் போகின்ற சீமாட்டியின் வேர்வை வேறு, கூடை தூக்குகின்றவளின் வேர்வை வேறு. நமக்கு உதவுவது வேறு இரண்டு முறைகள். பிரேசில் தேசத்து அகஸ்டோ போவால் என்பவர் ஏற்படுத்திய முறையில், கஷ்டம் முற்றுகின்ற இடத்தில் நாடகத்தை நிறுத்திவிடுகின்றார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் எழுந்து மேடைக்குப் போய், “நானாயிருந்தால் இப்படிச் சொல்வேன்” என்று நடித்துக் காட்டலாம். வங்காளத்தில் ஜன சம்ஸ்கிருதி என்ற கூட்டத்தார் 1985 முதல் கிராமத்துக் கூலி ஜனங்களிடையே இதைச் செய்து வருகின்றார்கள். மற்றது, 1975-ல் அமெரிக்காவில் ஜானதன் ஃபாக்ஸும் ஜோ சாலாஸும் துவக்கியது: வந்திருப்பவர் ஒருவர் தன் கதையைச் சொல்ல, நடிகர்கள் அங்கேயே அப்போதே அதை நடித்துக் காட்டுவது. இதற்குப் புத்தகம் வேண்டாம், எழுத்து வேண்டாம், சீன் வேண்டாம். ஆனால் லைன் வீட்டில் ஒளிவு கிடையாதாகையால், யார் கதையென்று பெயர் சொல்லாமல் ஒருத்தி கதையை இன்னொருத்தி சொல்லுவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் தராசடியில் அவளுக்குப் பட்டப்பெயர் காத்திருக்கும்.

சேரம்பாடியில் மந்திரவாதி கயிறு கட்ட வருகின்ற இடத்தில் நாடகத்தை நிறுத்தினால் எத்தனை பெண்கள் எழுந்திருப்பார்கள் என்று பார்க்க நமக்கு ஆசை. “எழுதிக் கொடு டாக்டரே, எதற்காகப் பையை எடுக்கச் சொல்கிறாய்? மருந்து கிடையாதா?” என்று ஒருத்தி மேடையில் கேட்டுப் பழகிவிட்டால் ஆஸ்பத்திரியிலும் கேட்பாள். சுரப்பு மருந்து இருக்கின்றது. எல்லோருக்கும் ஆகாது, மார்பில் புற்று வந்தவர்களுக்கு ஆகாது. ஆனால் கேட்டால்தானே யாருக்கு ஆகும் என்று தெரியும்?

ஆண்கள் எதிரிலா என்று திகைக்கின்றவர்களுக்கு: ஆமாம், ஆண்கள் எதிரில்தான். ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சண்டை போடுகின்றவன் அவன்தானே? பெண்களுக்கு மட்டும் என்று போர்டு போட்டால், ஏற்கனவே தெரிந்தவர்களுக்கே மறுபடி தெரிவித்ததாய் முடியும். பிள்ளை பெறுவது நின்றபின் பெண்ணால் என்ன பிரயோஜனம் என்று வாய் கூசாமல் கேட்ட ஒருவருக்கும் பதில் சொல்லி விடுகின்றோம். பிராணிகளில் மிகப் பெரும்பாலானவை சாகும்வரை ஈனக் கூடியவை. ஈனுவது நின்றபின்னும் நெடுங்காலம் வாழ்கின்றவற்றில் மனிதப் பெண்ணோடு சில திமிங்கிலங்களும் சேரும். அவற்றில் ஓர்கா என்ற ஜாதியில், மீன் குறைந்த வருஷங்களில் கூட்டத்திற்கு முன்னே நீந்தி இரை இருக்குமிடம் காட்டுவது கிழப் பெண்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கின்றார்கள். கடலுக்குத் தெரிந்தது இந்தக் கனவானுக்குத் தெரியவில்லை.

இனி ஏற்பாட்டு விஷயம். ராத்திரி நாடகம் இங்கே ஆகாது. இருட்டினால் யானை பாதைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்து நாலரைக்குள் முடித்துவிட வேண்டும். தமிழோடு மலையாளமும் வேண்டும். பணியர், குறும்பர் பெண்களைக் கூப்பிடாமல் இருப்பதும் கூடாது, அவர்கள் பாஷையில் பேச அவர்களிலேயே ஒருத்தி வேண்டும். டானிக் கம்பெனிக்காரர்கள் பந்தல் செலவு தருவதாக வருவார்கள், வாங்கக் கூடாது. வாங்கினால் மூன்றாம் சீனில் அவர்கள் பாட்டில் நடிக்க வந்துவிடும். நடிக்கின்ற பெண்களுக்கு ஒத்திகை நாட்களின் கூலியைத் தோழர்கள் வசூல் செய்து கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தோழர், “என் சம்சாரமும் நடிக்கப் போகிறேன் என்கிறாள், வீட்டில் சோறு யார் பொங்குவது?” என்று கேட்டார். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்றைக்கு அவருக்கும் தோட்டத்தில் லீவுதான். அரிசியும் அடுப்பும் அவர் வீட்டிலேயே இருக்கின்றன.