கணினி வகுப்பும் யாக்கோபின் மந்தையும்



தன்னோடு சேர்ந்து புறப்படும்படி ஏசா அழைத்தபோது யாக்கோபு இணங்கவில்லை. இளம்பிள்ளைகளும் பால்கொடுக்கும் ஆடுமாடுகளும் உடன் இருந்தபடியால், அவைகளால் இயன்ற வேகத்திலேயே பின்னால் வருவதாகச் சொன்னான் (ஆதியாகமம் 33). மேலப்பாளையத்துச் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் வகுப்பறைகளோ பெரும்பாலும் ஏசாவின் வேகத்தில் செல்கின்றன. கணினி அறிவியலில் இதன் சேதம் பெரிது. மாறி என்றால் என்னவென்று விளங்காத மாணவிக்கு அடுத்த மாதம் நடத்தப்படும் எதுவும் விளங்காது. இதற்கு மாற்றாக, 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் குழுவினர், லிஸ்ப் என்னும் கணினி மொழியைக் கற்பிக்க ஒரு மென்பொருளை உருவாக்கினர். மாணவர் எழுதும் ஒவ்வொரு அடியையும் அது கவனித்து, பிழை நேர்ந்த இடத்திலேயே வழிகாட்டியது. இன்றைய இணையவழிப் பாடங்கள் பல அந்த வழியில் வந்தவை. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பிலும், ஒரு பருவத்தில் எத்தனை பாடங்கள் எடுப்பது என்பதை மாணவரே தம் நிலைமைக்கேற்ப முடிவுசெய்யலாம். இவற்றை நான் நன்றியோடு வரவேற்கிறேன்.

ஆயினும் ஒன்று என்னை உறுத்துகிறது. விடை தவறியதை மென்பொருள் அறியும். ஏன் தவறியது என்பதை அறியாது. மேலப்பாளையத்தில் இரவு வெகுநேரம் தாயோடு பீடி சுற்றிவிட்டு, வீட்டில் உள்ள ஒரே கைப்பேசியில் பாடத்தைத் திறக்கும் பெண்பிள்ளையை எண்ணிப்பாருங்கள். அவள் களைப்பில் செய்யும் பிழைகளைக் கண்டு, அது மேலும் எளிய கேள்விகளையே கொடுக்கும். அவளுக்கு நேரமில்லை என்பது, அவளுக்குத் திறமையில்லை என்று பதிவாகிவிடும். யாக்கோபோ தன் பிள்ளைகள் ஏன் மெதுவாக நடக்கிறார்கள் என்பதை அறிந்திருந்தான்.

பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பள்ளிகளைத் தொடங்கிய மிஷனெரிப் பெண்கள், பிள்ளைக்கேற்பக் கற்பிக்கும் முறையை மாற்றினார்கள், அருகிலும் அமர்ந்தார்கள். அதே ஊரில் நம் சபை மண்டபங்கள் திங்கள் முதல் சனி வரை பூட்டிக் கிடக்கின்றன. மின்சாரமும் மின்விசிறியும் உள்ள இந்த இடங்களில் நான்கு பழைய கணினிகளை வைத்து, நம் கல்லூரி வாலிபர்கள் மாலையில் இரண்டு மணிநேரம் உடன் அமர்ந்தால் போதும். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இஸ்லாமியராக இருப்பார்கள். அவர்களிடம் பாடத்தைத் தவிர வேறெதையும் பேசவேண்டாம் என்றே நான் கருதுகிறேன். இணையக் கட்டணத்தைக் காணிக்கையிலிருந்து கொடுக்கலாமா என்று அடுத்த சபைக் கமிட்டியில் கேளுங்கள்.