தேய்ப்பதை யார் பார்த்தார்கள்?

ரெசினில் பகடை செய்கிற வீடியோ ஒன்றாவது உங்கள் கைப்பேசியில் தட்டுப்பட்டிருக்கும். நீலமும் ஊதாவும் கலந்த திரவம், அதில் ஒரு சிட்டிகை தங்கத்தூள், சிலிகான் அச்சுக்குள் நூலாக இறங்கும். அடுத்த நொடியில் அச்சு பிரியும். பளபளவென்று இருபது முகப் பகடை ஒன்று உள்ளங்கையில் வந்து விழும். பின்னணியில் புல்லாங்குழல். மொத்தம் அரை நிமிடம். பார்க்கிறவர்கள் எல்லாம் “மனசுக்கு எவ்வளவு அமைதியா இருக்கு” என்று உருகுகிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ‘அடுத்த நொடி’க்குள் எதையெல்லாம் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஊற்றுவது பத்து நிமிட வேலை. மீதி அத்தனையும் தேய்ப்பு, தேய்ப்பு, தேய்ப்பு. நடுநடுவே காத்திருப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று ஒரு விளையாட்டு. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டே ஆடுவார்களே, அதுதான். அதற்கு ஒரு செட்டுக்கு ஏழு பகடை. நான்கு முகம், ஆறு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் ஆகியவற்றில் ஒவ்வொன்று, பத்து முகத்தில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று பத்துகளைக் காட்டும், மற்றது ஒன்றுகளை. சேர்த்து உருட்டினால் நூற்றுக்குள் ஓர் எண் விழும். இப்போது ஏழையும் கூட்டிப் பாருங்கள். எழுபது முகம். இந்த எழுபதை எந்த வீடியோக்காரரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அச்சு எடுக்க முதலில் ஒரு மாஸ்டர் செட் வேண்டும். த்ரீடி பிரிண்டரில் எடுத்த மாஸ்டரின் மேல் மெல்லிய வரிகள் அடுக்கடுக்காக ஓடும். சிலிகானுக்கோ தாட்சண்யமே கிடையாது. பட்ட இடத்தில் இருப்பதை இருக்கிறபடியே பிரதியெடுத்துவிடும். மாஸ்டரில் ஒரு கீறல் இருந்தால் அந்த அச்சில் பிறக்கும் ஒவ்வொரு பகடையிலும் அதே கீறல், அதே இடத்தில். மாஸ்டர் மினுங்கினால்தான் பிள்ளைகள் மினுங்கும். ஆகவே எழுபது முகத்தையும் தேய்த்தாக வேண்டும். அதுவும் ஒரே தேய்ப்புத் தாளில் இல்லை, ஆறு தாளில். தாளில் ஒட்டியிருக்கும் பொடியின் அளவு 30 மைக்ரானில் தொடங்கி 15, 9, 3, 2 என்று இறங்கி 1 மைக்ரானில் முடியும். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எழுபதை ஆறால் பெருக்கினால் 420 தேய்ப்பு. இத்தனைக்கும் பிறகுதான் வீடியோவில் காட்டும் அந்த ஊற்றலுக்கே வழி பிறக்கிறது.

இந்தத் தாள்களை வாங்கப் போனதே தனிக் கதை. ஹார்டுவேர் கடையில் மர வேலைக்கான உப்புத்தாள் கிடைக்கும். கார் பெயிண்ட் கடையில் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் வரை எடுத்துப் போட்டார்கள். “இதைவிட நைஸா இருக்கா?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சார், அதுக்கு மேலன்னா நோட்டுப் பேப்பர்லதான் தேய்க்கணும்” என்றார். கடைசியில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். தாளின் விலையையும் தபால் செலவையும் சேர்த்து வீட்டில் சொல்லவில்லை. இனியும் சொல்வதாக இல்லை.

தேய்ப்பதற்கென்று ஒரு சட்டதிட்டம் இருக்கிறது. தட்டையான கண்ணாடிப் பலகை, அதன்மேல் தாள், தாளின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் தூள் பறக்கும். எபாக்ஸித் தூள் மூச்சில் போகக் கூடாது, அரைகுறையாக இறுகிய ரெசின் தோலிலும் படக் கூடாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பக்கமே போக முடியாது. ஆக, மாஸ்க், நைட்ரைல் கையுறை. விரல் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆட்காட்டி விரல் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் முகம் அந்தப் பக்கம் சாயும், விளிம்பு மழுங்கும். எந்தத் தாளையும் தாண்டிப் போகக் கூடாது. 30 மைக்ரான் போட்ட கீறலை 15 முழுசாக அழித்ததா என்று பார்க்காமல் 9-க்குப் போனால், அந்தக் கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்து 1 மைக்ரானில் துடைத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போதுதான் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். திரும்ப 30-இலிருந்து.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். தொழிற்சாலைப் பகடைகளை யாரும் கையால் தேய்ப்பதில்லை. உராய்வுப் பொடியோடு பெரிய உருளையில் போட்டுச் சுற்றிவிடுவார்கள், தானே வழவழவென்று ஆகிவிடும். அப்படிச் சுற்றினால் விளிம்புகள் தாறுமாறாகத் தேய்ந்து, இருபது முகப் பகடை முட்டை வடிவத்துக்குப் போய்விடும், சில எண்கள் கூடுதலாக விழும் என்று அமெரிக்காவில் லூ ஜோக்கி என்பவர் பல காலம் வாதாடினார். 1985-இல் நூறு முகப் பகடை ஒன்றையே செய்து விற்ற மனிதர் அவர். மற்ற கம்பெனிப் பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, உயரம் எப்படி மாறுகிறது பார் என்று காட்டுவார். அவருடைய பகடைகள் கூர்விளிம்போடு, மெருகே போடாமல், அச்சிலிருந்து வெட்டிய தழும்போடு விற்பனைக்கு வந்தன. எண்ணுக்கு மை தடவுவதுகூட வாங்கியவர் பாடு. புத்திசாலி! ‘துல்லியம்’ என்று சொல்லியே தேய்ப்பிலிருந்து தப்பித்துவிட்டார். எங்களைப் போன்றவர்களுக்கு அவர் சொன்ன கூர்விளிம்பும் வேண்டும், அவர் வேண்டாமென்ற மினுமினுப்பும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது விரல் நுனி.

மாஸ்டரோடு முடிந்ததா? பிரிண்டர் ரெசின் உள்வரை இறுகாமல் இருந்தால் அதன்மேல் ஊற்றிய பிளாட்டினம் வகை சிலிகான் கெட்டியாகாமல் கொழகொழவென்று நிற்கும். லேடெக்ஸ் கையுறையில் இருக்கும் கந்தகம் பட்டாலும் அதே கதி. எல்லாம் கூடிவந்து அச்சு அமைந்தாலும், ஒவ்வொரு பகடையிலும் ஒரு முகம் மூடிப் பக்கம் இருக்கும். அங்கே ரெசின் கசிந்து மெல்லிய தோலாகப் படியும். அந்த முகத்தை மறுபடி ஆறு தாளிலும் தேய்க்க வேண்டும், பக்கத்து முகத்தில் கீறல் விழாமல். அச்சும் சிரஞ்சீவி இல்லை. ஊற்ற ஊற்ற அதன் உட்புறம் மங்கும், அதற்குப் பிறகு பிறப்பதெல்லாம் மங்கலாகவே பிறக்கும். மறுபடியும் எழுபது.

சென்னை வானிலை வேறு தன் பங்குக்கு விளையாடும். ரெசின் பாட்டிலில் ‘கலந்த பின் 40 நிமிடம்’ என்று போட்டிருப்பார்கள். அது 25 டிகிரிக் கணக்கு. பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாதத்தில் நம் சமையலறையில் அந்த நாற்பது இருபதாகிவிடும், நிறம் கலப்பதற்குள் கப்பே சுடும். ஐப்பசி கார்த்திகை மழையில் வேறு தொல்லை. ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் போடும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் தேய்த்தால் தாளின் கண்கள் அடைத்துக்கொள்ளும். வெளிநாட்டுத் தாள்! ரெசின் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு என்று பாட்டிலில் பெரிதாகப் போடுகிறவர்கள் அது அளவா எடையா என்று போட மாட்டார்கள். ஹார்டனர் ரெசினைவிட எடை குறைந்தது. அளவுக் கணக்கைத் தராசில் வைத்தால் ஹார்டனர் கூடிப்போய்ப் பகடை மெதுமெதுவென்று வரும். மெதுவான பகடையைத் தேய்க்கவே முடியாது, அது இழுபடும்.

குமிழி விஷயத்துக்கு வருகிறேன். அச்சை அழுத்தக் கலத்தில் வைத்து 40 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை ஏற்றி இறுக விட்டால் குமிழியெல்லாம் ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கிக் கண்ணில் படாமல் போகும். “நம்ம குக்கர்ல வெச்சா ஆகாதா?” என்று கேட்காதவர் இல்லை. ஆகாது. குக்கர் வேலை செய்வது சுமார் 15 பிஎஸ்ஐயில். அதில் கம்ப்ரஸரை மாட்டினால் பகடைக்குப் பதில் கூரையில் ஓட்டை விழும். பெயிண்ட் அடிக்கிற அழுத்த டேங்க்கையும் கம்ப்ரஸரையும் வாங்கி பால்கனியில் வைத்தால், அது போடும் சத்தத்துக்கு அசோசியேஷன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். சிலிகான் அச்சையும் அதே அழுத்தத்தில்தான் செய்திருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. இல்லாவிட்டால் அச்சுக்குள் இருக்கும் குமிழிகள் அமுங்கி, அந்தக் குழியில் ரெசின் புகுந்து, பகடை முகமெல்லாம் பரு. பருவுக்கு என்ன வைத்தியம்? வேறென்ன, தேய்ப்பு.

இவ்வளவும் தாண்டி, குழிந்த எண்களில் அக்ரிலிக் பெயிண்ட் தடவித் துடைத்து, செட்டை மேசையில் வைக்கிறேன். வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? “கலர் சூப்பர்!”

கலர்! அது பொட்டலத்தில் வந்தது. பிரித்துக் கொட்டினேன், அவ்வளவுதான். அதில் என் கைவரிசை என்று எதுவுமே இல்லை. தங்கத்தூளைப் பார்த்து வியக்கிறார்கள், உள்ளே மிதக்கும் காய்ந்த பூவிதழைப் பார்த்து வியக்கிறார்கள். முகத்தில் கீறல் இல்லையே என்று வியந்தவர் ஒருவர்கூட இல்லை. எப்படி வியப்பார்கள்? நன்றாகத் தேய்த்தால் தேய்த்த தடமே இருக்காது. வீடு பெருக்கித் துடைப்பவர்களுக்கும், அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துபவர்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஒரு இடம் விட்டுப்போனால் ஊரே கண்டுபிடிக்கும். எல்லா இடமும் சரியாக இருந்தால் அங்கே ஒரு வேலை நடந்ததாகவே யாருக்கும் தோன்றாது.

அடுத்த கட்டம் கோரிக்கைகள். “இதே மாதிரி சாவிக்கொத்து பண்ணித் தர்றீங்களா?” “பொண்ணோட கல்யாண மாலையை ரெசின்ல போட்டுக் குடுங்களேன்.” விலை கேட்பவர்களும் உண்டு. சொன்னதும், “ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்கு ஏழும் பையோட வருதே” என்பார்கள். வரும், ஏன் வராது? உருளை சுற்றிய பகடைக்கு உருளையின் கூலி. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருபடி மேலே போனார். “தம்பி, பித்தளைத் தாயக்கட்டை எங்க வீட்ல மூணு தலைமுறையா இருக்கு. ஒருநாளும் யாரும் பாலிஷ் போட்டதில்லை. விளையாடி விளையாடியே மின்னுது” என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்ததே அண்ணன் மகன். பெங்களூரில் வேலை. வாராவாரம் நண்பர்களோடு இந்த ஆட்டம் ஆடுகிறவன். பிறந்தநாளுக்கு ஒரு செட் அனுப்பினேன். போனில் குதித்தான். “உருட்டிப் பாத்தியாடா?” என்றேன். “ஐயோ சித்தப்பா, இதைப் போய் யாராவது உருட்டுவாங்களா? முனை உடைஞ்சுடும். ஷோகேஸ்ல வெச்சிருக்கேன். நாங்க ஆப்லதான் உருட்டுறோம்.”

சூதாட்ட விடுதிகளில் பகடையை ஓர் அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்தோடு செய்கிறார்கள் என்றால் அதில் பணம் புரள்கிறது, காரணம் இருக்கிறது. இங்கே காலிப்பர் வைத்து எதிரெதிர் முகங்களின் தூரத்தை அளந்து அளந்து தேய்த்தது, கண்ணாடி அலமாரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கவா? ஒரு பகடை எந்தப் பக்கமும் சாயாமல் விழும் என்பதற்கு நான் பட்ட பாடு, அது விழவே விழாத இடத்தில் இருக்கிறது.

“அப்புறம் எதுக்கு மெனக்கெடுறீங்க, விட்டுடுங்க” என்று வீட்டில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். விடுவதற்கில்லை. தேய்க்கத் தெரிந்த கைக்கு மங்கலான முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். கையால் செய்த பகடையை யாராவது காட்டினால் நிறத்தைப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, அந்த வெளிச்சம் ஒரு முகத்தில் விழும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சக்கோடு வளைந்து தெரிந்தால் விரல் எங்கோ சறுக்கியிருக்கிறது, கலரையே பாராட்டிவிட்டுப் போங்கள். கோடு நேராக, ஓரம் வரை உடையாமல் போனால், “நல்லாத் தேய்ச்சிருக்கீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாவிக்கொத்து வேண்டுமானால் அதற்குப் பிறகு கேளுங்கள், பண்ணித் தருகிறோம்.