பூட்டின் சாவி யாரிடம்?

சென்னைக்கு வடக்கே, தடாவை ஒட்டியுள்ள ஸ்ரீ சிட்டியில் 2015 முதல் ஃபாக்ஸ்கான் ஆலை கைப்பேசிகளைத் தயாரித்து வருகிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஷாவ்மியின் ரெட்மி 2 பிரைம் அங்கிருந்துதான் வெளிவந்தது. உற்பத்தி வரிசையில் நிற்போர் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்கள் கைவழியே செல்லும் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கருவியின் அடித்தளத்திலும் இயங்குவது லினக்ஸ் கெர்னல். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்து, உலகெங்கும் பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்த பொதுச்சொத்து அது.

அதே ஸ்ரீ சிட்டியில் 2013இல் தொடங்கப்பட்ட இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளது. ஒன்றிய அரசு 50, மாநில அரசு 35, தொழில்துறை 15 விழுக்காடு என்பது இத்தகைய நிறுவனங்களின் மூலதனப் பங்கீடு. பெரும்பகுதி மக்கள் பணம். எனவே அங்கே என்ன கற்பிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு. இத்தகைய கல்விக்கூடங்களில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் ஒரு சிறிய லினக்ஸ் இயங்குதளத்தையேனும் கட்டியெழுப்ப வேண்டும்.

அது எட்டாக் கனியன்று. கெர்னலின் மூலநிரலிலிருந்து தேவையானவற்றை மட்டும் தேர்ந்து தொகுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான அன்றாடக் கட்டளைகளை ஒரே நிரலுக்குள் அடக்கிய பிசிபாக்ஸைச் சேர்க்க வேண்டும். ‘இனிட்’ என்னும் தொடக்க நிரலைச் சில வரிகளில் எழுதிக் கட்டாக்கினால், சில மெகாபைட்டுகளில் இயங்குதளம் தயார். அதைக் க்யூஎமு என்னும் மெய்நிகர் கணினியில் சோதிக்கலாம். முதல் முயற்சியில் பெரும்பாலும் ‘கெர்னல் பேனிக்’ என்று திரை உறைந்து நிற்கும். இனிட் கோப்புக்கு இயக்க அனுமதி தரப்பட்டிராது. அல்லது பிசிபாக்ஸ் தேடும் நூலகக் கோப்புகள் உள்ளே இரா. இரண்டையும் சரிசெய்த பின்னரும், இனிட் தன் வேலை முடிந்ததென்று வெளியேறினால் மொத்தமும் மீண்டும் நின்றுவிடும். முதற்செயல் ஓய்ந்தால் கெர்னல் ஓடாது. பாடநூலின் 10 பக்கங்கள் புகட்டாததை இந்தத் தோல்விகள் ஒரே மாலையில் புகட்டிவிடும்.

ஆயத்த இயங்குதளங்கள் இருக்க இந்த வீண்வேலை எதற்கு என்போர் உண்டு. சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும், தெலுங்கில் சுவேச்சாவும், கேரள அரசுப் பள்ளிகளின் இயங்குதளமும், பிறர் தந்ததைப் பிரித்துப் பார்த்து மாற்றியமைக்கத் தெரிந்தவர்களால்தான் பிறந்தன. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாதவர் என்றென்றும் நுகர்வோரே.

ஆய்வகத்தில் கட்டிய இயங்குதளத்தை, அதே ஊர் ஆலையில் உருவான கைப்பேசியில் ஏற்ற முடியுமா? அங்கேதான் பூட்டு. நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத கெர்னலைக் கருவி ஏற்பதில்லை. சில நிறுவனங்களிடம் விண்ணப்பித்து, நாள்கணக்கில் காத்திருந்து திறக்கலாம். பல கருவிகளில் அதற்கும் வழியில்லை. கெர்னலின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மூலநிரலைத் தரச் சொல்கிறது. கையொப்பச் சாவியைத் தரவேண்டும் என்று அதில் தெளிவாக எழுதப்படவில்லை. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. கெர்னலோ பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது. பலர் உழைப்பில் விளைந்த பொதுச்சொத்தை இலவசமாக எடுத்துக்கொண்ட முதலாளித்துவம், அதன் வாசலில் தன் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறது. கருவியைச் செய்த தொழிலாளியிடமும் சாவி இல்லை, காசு கொடுத்து வாங்கியவரிடமும் இல்லை.

மாணவர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் அரசுகள் மொத்தமாகக் கைப்பேசியும் மடிக்கணினியும் கொள்முதல் செய்கின்றன. பூட்டைத் திறக்கும் வழியும் முழு மூலநிரலும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையை அந்த ஒப்பந்தங்களில் சேர்க்கப் புதுச்சட்டம் தேவையில்லை.