ஒரே நாளில் ஒரு தீவா?

போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளில் பெரியது சாவ் மிகெல். நீளம் சுமார் 65 கி.மீ.தான். ஒரே நாளில் முழுத் தீவையும் காட்டிவிடுவதாகச் சொல்லி வேன்கள் கிளம்புகின்றன.

எட்டுப் பேர் போகும் வேன் நல்ல ஏற்பாடுதான். வழிகாட்டியிடம் நின்று நிதானமாகக் கேள்வி கேட்கலாம். அவசரம்தான் கெடுக்கிறது. கிழக்கே ஃபுர்னாஸில் இறைச்சியும் முட்டைக்கோஸும் நிரப்பிய பானையை எரிமலைச் சூடு தகிக்கும் குழியில் இறக்கி மூடுகிறார்கள். வேக ஏறக்குறைய 6 மணி நேரம். விறகும் இல்லை, கேஸும் இல்லை! அதை அரை மணியில் விழுங்கிவிட்டு, 1883இல் தொடங்கிய கோரியானா தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுவதா?

மேற்கே செத்தே சிடாடெஸ் எரிமலை வாயில் நீலமும் பச்சையுமாக இரட்டை ஏரி. மேகம் இறங்கினால் எதுவும் தெரியாது. விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

கிழக்குக்கு ஒரு நாள், மேற்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.